தயாளினிக்கு நான் கொடுத்த நாள்

நான் ஒருத்திக்குப் பொய்யான பிறந்தநாள் ஒன்றைக் கொடுத்தேன். அவள் அதை இன்றுவரை உண்மையென்று நம்பிக் கொண்டாடி வருகிறாள். அந்தப் பொய்யால் அவளுக்கு வந்த ஒரு கல்யாணம் நின்றுபோயிற்று. அதன் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை.

எல்லாவற்றையும் முதலிலேயே எழுதிவிட்டேன். இல்லாவிட்டால் வாவிக்காற்று, அலுவலகத்து வேப்பமரம் என்று உங்களை எங்கெங்கோ அழைத்துச் சென்று, சொல்லவேண்டியதைச் சொல்லாமல் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்!

அவள் பெயர் தயாளினி என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு வாவியோரத்தில் உள்ள ஒரு பிரதேச செயலகத்தில் என்னோடு வேலை செய்கிறாள். எந்தச் செயலகம் என்று கேட்காதீர்கள். அவளைக் காட்டிக்கொடுக்காமல் என்னை மட்டும் காட்டிக்கொடுக்க வழி தேடுகிறேன்.

நான் அங்கே சமூக சேவைப் பிரிவில் உத்தியோகத்தர். அத்தோடு பல வருடங்களாக ஊழியர் நலன்புரிச் சங்கத்தின் செயலாளரும் நானே. அது யாருமே ஆசைப்படாத பதவி. அதனால் யாரும் என்னிடமிருந்து பறிக்கவும் இல்லை. கல்யாண வீட்டுக்குப் பரிசு வாங்குவது, மரண வீட்டுக்குப் பதாகை அடிப்பது, வருடத்துக்கு ஒரு தடவை நலவாழ்வு நாள் நடத்துவது, மாதம் ஒரு தடவை ‘ஊழியர் செய்தி’ என்ற இரண்டு பக்கத் தாளை எழுதிப் போட்டோக் கொப்பி எடுத்து மேசை மேசையாக வைப்பது... இவ்வளவும் என் தலையில்.

அந்தத் தாளில் யாருக்குப் பிள்ளை பிறந்தது, யாருக்கு இடமாற்றம் வந்தது, யார் வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சையை மூன்றாம் முறையாவது தாண்டினார்கள் என்றெல்லாம் எழுதுவேன். கடைசிப் பக்கத்தின் அடியில் பிறந்தநாள் பட்டியல் இருக்கும். எல்லோரும் தாளைப் புரட்டி முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். நாற்பத்தைந்து வயது ஆண்களும் தங்கள் பெயரை அங்கே தேடுவதை நான் கண்டிருக்கிறேன்.

தயாளினியின் பெயர் எப்போதும் ஜனவரித் தாளில் முதலாவதாக வரும். ஜனவரி முதலாம் திகதி.

அது அவள் பிறந்த நாள் இல்லை. சண்டைக் காலத்தில், ஊர் ஊராகச் சனம் ஓடிக்கொண்டிருந்தபோது, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமிருந்து யாரோ ஒருவர் இரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்குழந்தையை நகரத்துச் சிறுமியர் இல்லம் ஒன்றில் கொடுத்துவிட்டுப் போனார். கொடுத்தவர் திரும்பி வரவில்லை. பெயர்கூட இல்லத்தார் வைத்ததுதான். பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்கு உத்தேச வயது அத்தாட்சிப் பத்திரம் என்று ஒன்று கொடுப்பார்கள். வைத்தியர் பார்த்து வயதைச் சொல்ல, வருடத்தை அதிலிருந்து கணக்கிட்டு, நாளுக்கு ஜனவரி ஒன்று என்று அவளுக்குப் போட்டிருந்தார்கள்.

விதியைப் பாருங்கள்... அவளுக்கு எங்கள் செயலகத்தில் கிடைத்த வேலையும் பிறப்பு, இறப்புப் பிரதிகள் கொடுக்கும் கருமபீடத்தில்தான். காலை முதல் மாலை வரை கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அவள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று. “பிறந்த திகதி?”

வயதானவர்கள் நாளைச் சொல்லமாட்டார்கள். “அம்மன் கோயில் கதவு திறந்து மூண்டாம் நாள் பிறந்தவன், மகள்” என்பார்கள். அவள் சலிக்காமல் நாட்காட்டியைப் புரட்டிக் கண்டுபிடித்துக் கொடுப்பாள். நாள் கிடைத்ததும் அவர்களுக்கு வருகிற சிரிப்பை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போதெல்லாம் அதை நான் கவனிக்கவில்லை.

ஜனவரி முதலாம் திகதி அரசாங்க அலுவலகங்களில் சத்தியப் பிரமாணம் எடுக்கும் நாள். கொடியேற்றுவோம், உறுதிமொழி வாசிப்போம், பாற்சோறு வெட்டுவோம். அதோடு அவள் பிறந்தநாளும் முடிந்துவிடும். “தயாவாலதான் சங்கத்துக்கு ஒரு கேக் மிச்சம்” என்று ஒவ்வொரு வருடமும் நான் பகிடி விடுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அந்தப் பகிடியை ஏழு வருடம் விட்டேன்!

பிறகு ஒரு நலவாழ்வு நாள் வந்தது. ஊழியர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்ததால், கொழும்பில் பயிற்சி பெற்ற ஓர் இளம்பெண்ணை அழைத்திருந்தேன். அவள் மேசை கதிரைகளை ஓரத்துக்குத் தள்ளச் சொன்னாள். ஒருவரோடு ஒருவர் கதைக்காமல், விரலால் மட்டும் காட்டி, பிறந்த மாதமும் நாளும் பார்த்து ஒரே வரிசையாக நில்லுங்கள் என்றாள்.

மண்டபம் முழுக்கக் கூத்து! கணக்காளர் எட்டு விரலைக் காட்டிக்கொண்டு ஆகஸ்ட்காரரைத் தேடினார். சாரதி ஹனீபா நானா இரண்டு கையும் போதாமல் காலையும் தூக்கினார். நான் சிரித்துச் சிரித்து வயிறு நொந்துபோனேன். தயாளினி மட்டும் கொஞ்ச நேரம் நடுவில் நின்றாள். பிறகு ஒரு விரலை உயர்த்தினாள். எல்லோருமாக அவளைப் பிடித்து வரிசையின் தலைப்பில் நிறுத்தினார்கள்.

“முதல் ஆள் சொல்லுங்க” என்றாள் பயிற்சியாளர். “நீங்க பிறந்த நாளைப் பற்றி உங்கட அம்மா என்ன சொல்லுவா?”

தயாளினி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, “நல்ல மழையாம்” என்றாள்.

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் அம்மாக்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது வரிசையின் தலைப்பு வெறுமையாக இருந்தது. போய்ப் பார்த்தேன். பின்பக்கத் தண்ணீர்க் குழாயடியில் இருந்து, கழுவி வைத்த கோப்பைகளை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஜனவரியில மழைதானே அக்கா” என்றாள். “அதான் மழை எண்டு சொன்னன். பிழைக்காதுதானே.”

அந்த விளையாட்டை ஒழுங்கு செய்தவள் நான். அவளைப் பற்றி ஒரு நொடி யோசித்திருந்தால்...!

“சொந்த ஆக்களைத் தேடி அலுத்திட்டுது அக்கா. இனி எனக்கு ஆக்கள் வேணாம். நான் பிறந்த நாள் எது எண்டு மட்டும் தெரிஞ்சா காணும்” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் தோளில் தட்டிவிட்டு உள்ளே போயிருப்பேன்.

“நான் தேடித் தாறன் மனே” என்று சொன்னேன்.

நம்புங்கள், உண்மையாகவே தேடினேன். படுவான்கரைப் பக்கம் நடமாடும் சேவைக்குப் போகும்போதெல்லாம் வயதானவர்களிடம் விசாரித்தேன். கடைசியில், உன்னிச்சைக் குளத்துப் பக்கம் ஒரு பழைய மருத்துவிச்சி உயிரோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஹனீபா நானாவின் ஜீப்பில் போனேன். அந்த நாட்களில் அந்த ஊர்களில் பிறந்த பிள்ளைகளையெல்லாம் கையில் ஏந்தியவர் அவர்தானாம். கொப்பியில் எழுதி வைப்பாராம்.

அவருக்குக் கண் பார்வை போயிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டே கதைத்தார்.

“கொப்பி இரிந்ததுதான் மகள். ஓடக்குள்ள பிள்ளையைத் தூக்கிறதா கொப்பியைத் தூக்கிறதா? விட்டுட்டு ஓடிட்டன். மறுகா வந்து பாத்தா வீடும் இல்ல, ஒண்டும் இல்ல.”

அவ்வளவுதான். தேடல் அங்கேயே முடிந்துவிட்டது. அவருக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினேன். வழி முழுக்க, தயாளினியிடம் இதை எப்படிச் சொல்வது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன். நல்ல வசனங்கள் தயாராக இருந்தன.

செயலகத்துப் படலையடியில் அவள் நின்றாள். அலுவலகம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். கைப்பையைத் தோளில் மாட்டியபடி ஜீப் வரும் வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் பவுடர் பூசியிருந்தாள். ஒரு நல்ல செய்தியைக் கேட்கப் போகிறவள் முகம் கழுவிப் பவுடர் பூசி நிற்பது போல... நிற்பது போல என்ன, அதற்காகவேதான் பூசியிருந்தாள்!

“கிடைச்சுதா அக்கா?”

ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வரவில்லை. “ஓம்” என்றேன்.

ஓம் என்றால் நாள் வேண்டுமே. கேட்டுவிட்டு நிற்கிறாளே. என் வாயில் ஒரு நாள் வந்தது. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள். விடிகாலை ஐந்து நாற்பது என்று நேரத்தையும் சொன்னேன். மருத்துவிச்சியின் கொப்பியில் அப்படி எழுதியிருந்தது என்று சொன்னேன். கொப்பி கறையான் தின்று கையில் எடுக்க முடியாமல் இருந்தது என்றும் சொன்னேன். பொய்க்குக் கை, கால் முளைப்பதை நின்று பார்த்தேன்.

அந்த நாள் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அது என் மகள் பிறந்த நாள்.

எனக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. இந்தச் செயலகத்துக்கு வருமுன்னே, நாங்கள் கல்குடாப் பக்கம் இருந்த காலத்தில். விடிகாலை ஐந்து நாற்பதுக்குப் பிறந்தாள். பின்னேரம் போய்விட்டாள். பெயர் வைக்க நேரம் இருக்கவில்லை. பிறகு எனக்குப் பிள்ளைகள் தரிக்கவும் இல்லை. அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு நாள்தான். ஒவ்வொரு வருடமும் அது வரும், நானும் என் கணவரும் அதைப் பற்றி ஒன்றும் கதைக்காமல் சோறு தின்போம், அது போய்விடும்.

நேரத்தோடு சேர்த்து எனக்கு நிச்சயமாகத் தெரிந்த பிறந்தநாள் அது ஒன்றுதான். தயாளினிக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். ஜீப்பிலிருந்து ஹனீபா நானா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ‘ஊழியர் செய்தி’யில், “எங்கள் தயாளினிக்கு நாள் கிடைத்தது” என்று தலைப்புப் போட்டு அரைப்பக்கம் எழுதினேன். உன்னிச்சை, மருத்துவிச்சி, கறையான் தின்ற கொப்பி, விடிகாலை ஐந்து நாற்பது... எல்லாம் எழுதினேன். வாசித்தவர்கள் கண்கலங்கினார்கள். பிரதேச செயலாளரே கூப்பிட்டுப் பாராட்டினார். அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது. அதையும் மறைக்கப் போவதில்லை.

ஆகஸ்ட் வந்தது. ஹனீபா நானா காத்தான்குடியிலிருந்து கேக் கொண்டுவந்தார். கருமபீடத்துக் கண்ணாடியில் பலூன் கட்டினோம். தயாளினி மாம்பழ நிறத்தில் ஒரு சேலை கட்டி வந்திருந்தாள். மெழுகுதிரி ஏற்றி, முப்பது பேர் சேர்ந்து பாடினோம். முதல் துண்டை வெட்டி நேரே என்னிடம் கொண்டுவந்தாள்.

“உங்களுக்குத்தான் அக்கா முதல். நீங்கதானே தந்தது.”

வாயில் வாங்கினேன். அந்த நாளில் நான் இனிப்புத் தின்றது அதுதான் முதல் தடவை... எனக்குள்ளே ஏதோ அவிழ்ந்தது. பல வருடமாக யாரும் தொடாத நாளுக்கு மெழுகுதிரி எரிகிறது! பாட்டுப் பாடுகிறார்கள்! அவர்களுக்குத் தெரியாது, ஆனால் என் பிள்ளைக்காகவும்தான் பாடுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. அன்றைக்கு நான் சந்தோசமாக இருந்தேன். அப்படி ஒரு சந்தோசத்தை அதற்கு முன் அந்த நாளில் நான் அறியவே இல்லை.

ஒரு துண்டு கேக்கையும் செய்தித்தாளையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாசித்தார். திகதி இருந்த இடத்தில் கண் நின்றது. தாளை நாலாக மடித்து மேசையில் வைத்தார். கேக்கைத் தொடவில்லை. 

இதோடு முடிந்திருந்தால் இதை ஒரு பொய் என்று சொல்லிவிடலாம். உங்களில் சிலர் மன்னித்தும் இருப்பீர்கள்.

இரண்டு வருடம் போனது. களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓர் ஆசிரியர் கருமபீடத்துக்கு வந்தார். கமலநாதன் என்று பெயர். இறந்துபோன தமையனின் பிறப்புப் பத்திரத்துக்குப் பிரதி வேண்டுமாம். ஒரு பிரதிக்கு ஒரு நாள் போதும். அவர் நாலு தரம் வந்தார். நாலாம் தரம் அவர் கையில் பிரதி ஏற்கெனவே இருந்தது!

“சேருக்கு இன்னும் எத்தின பேர்ர பிரதி வேணுமாம் கா?” என்று தயாளினியின் காதோரம் குனிந்து கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு முத்திரையைத் தலைகீழாகக் குத்தினாள்.

நல்ல மனிதர். அவளுக்கு ஆட்கள் இல்லை என்பதை அவர் ஒரு குறையாக நினைக்கவே இல்லை. அம்மாவிடம் சொல்லி, ஒரு சனிக்கிழமை வரச் சொன்னார். பெண் வீட்டுப் பெரியவளாக நான் போனேன். ஹனீபா நானா தன்னுடைய சொந்த வான் வண்டியில் கூட்டிப்போனார்.

கமலநாதனின் அம்மா பயந்த சுபாவம் உள்ளவர். மூத்த மகனைப் பறிகொடுத்த வீடு. சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. எங்களுக்குத் தேத்தண்ணியும் பால்ரொட்டியும் வைத்துவிட்டு, தயாளினியின் பக்கத்தில் வந்து இருந்தார்.

“உனக்குச் சாதகக் குறிப்பு இல்லையாம் எண்டு தம்பி சொன்னான் மகள். அது ஒண்டும் பிரச்சினை இல்ல. நாங்க அம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாப்பம். வெள்ளைப் பூ வந்தா அம்மாட விருப்பம்.”

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள். ஏனென்றால் நான் ஒவ்வொரு நாளும் இங்கேதான் வந்து நிற்கிறேன். நாள் இல்லாத பெண்ணாக அவள் அந்த வீட்டில் இருந்திருந்தால், ஒரு பூவோடு காரியம் முடிந்திருக்கும்.

தயாளினி நிமிர்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை!

“இல்ல அம்மா, எனக்கு நாள் இருக்கு. நேரமும் இருக்கு.”

கைப்பையைத் திறந்து, கண்ணாடித்தாள் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். என் ‘ஊழியர் செய்தி’. நான் எழுதிய அரைப்பக்கம். இரண்டு வருடமாக அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் அவள் திரிந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த அம்மா தாளை இரண்டு கையாலும் வாங்கி, “அப்ப சாத்திரியாரிட்டக் காட்டுவம்” என்றார். நான் பால்ரொட்டியைப் பிய்த்தபடி இருந்தேன். ஹனீபா நானா வாசலில் நின்று என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் கமலநாதன் செயலகத்துக்கு வந்தார். கருமபீடத்துக்குப் போகாமல் என் மேசைக்கு வந்தார். தயாளினிக்கு எட்டில் செவ்வாயாம். அவருடைய குறிப்பில் அது இல்லை. எட்டில் செவ்வாய் உள்ள பெண்ணை இல்லாதவர் கட்டினால் ஆணின் உயிருக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் அப்படியொரு பயம். அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம்.

“‘ஒரு பிள்ளையக் குடுத்திட்டன், மற்றதையும் குடுக்கச் சொல்றியா’ எண்டு கேக்கிறா மிஸ். நான் என்ன செய்ய?” என்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

யாருடைய செவ்வாய் அது? வருடம், ஒரு வைத்தியரின் உத்தேசம். நாளும் நேரமும், கல்குடாப் பக்கத்தில் ஒரே ஒரு பகல் இருந்துவிட்டுப் போன என் மகளுடையவை. இரண்டையும் ஒட்டினால் வருகிற ஆள் இந்த உலகத்தில் பிறக்கவே இல்லை. பிறக்காத ஒருத்தியின் செவ்வாய்க்குப் பயந்து ஒரு தாய் பட்டினி கிடக்கிறாள்!

ஒரு வார்த்தை போதும். “சேர், அந்த நாள் பொய்.” மூன்றே சொல்...

அன்று பின்னேரம் ஹனீபா நானா ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் கடந்து போனபோது மெல்லச் சொன்னார்.

“மிஸ், அண்டைக்கு அந்தக் கிழவிட வீட்டு வாசல்லதான் நான் நிண்ட. கொப்பி இல்ல எண்டு அவ செல்லினது எனக்குக் கேட்டது. இவ்வளவு காலமும் நான் வாய் திறக்கல்ல. இப்ப நீங்க செல்லிடுங்க. இன்னும் நேரம் இரிக்கி.”

“ஓம் நானா, நாளைக்குச் சொல்றன்” என்றேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தயாளினியைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே வாவியைப் பார்த்தபடி ஒரு சீமெந்துக் கட்டு இருக்கிறது. இருவரும் இருந்தோம். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். தன் முட்டையில் பாதியைப் பிட்டு என் சோற்றில் வைத்தாள். அவள் அழுதிருந்தாள், முகம் வீங்கியிருந்தது.

“தயா, நான் உன்னட்ட ஒண்டு சொல்ல வேணும்” என்று தொடங்கினேன்.

நான் ஆறுதல் சொல்லப் போகிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள்.

“எனக்கு விளங்கும் அக்கா. நீங்க உங்களைக் குறை நினைக்காதீங்க. நாளைத் தராம இருந்தா இது நடந்திரிக்காது எண்டுதானே யோசிக்கிறீங்க?” என்றாள். “நான் ராத்திரி முழுக்க யோசிச்சன். மாப்பிள்ளை போனா இன்னொரு ஆள் வரலாம். வராட்டியும் போகட்டும். என்ட நாள் போனா எனக்கு இன்னொண்டு கிடைக்குமா?”

நான் சோற்றைப் பிசைந்தேன்.

இப்போது உண்மையைச் சொன்னால் அவளிடமிருந்து இரண்டையும் பறிப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் நன்மைக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டேன். இந்த நியாயத்தைக் கேட்டால் நீங்களும் தலையசைப்பீர்கள். எவ்வளவு அழகான நியாயம்!

ஆனால் நான் இங்கே வந்தது உங்கள் தலையசைப்புக்காக இல்லை. உள்ளது இதுதான்: அவள் அதைச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நாளைத் திருப்பி வாங்க எனக்கு மனமில்லை. வாங்கினால் அது மறுபடியும் என் வீட்டுக்கு வந்துவிடும். மெழுகுதிரி இல்லாமல், பாட்டு இல்லாமல், ஒன்றும் கதைக்காமல் சோறு தின்கிற நாளாக ஆகிவிடும். என் மகளுக்கு வருடத்தில் ஒரு நாள் கேக் வெட்டுகிறார்கள். அதை நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. அதற்காக உயிரோடு இருக்கிற ஒருத்தியின் கல்யாணத்தை வாவியில் விட்டேன்.

அவளுடைய முட்டையில் பாதியையும் தின்றேன்.

ஹனீபா நானா அதன் பிறகு என்னோடு வேலைக் கதை மட்டுமே கதைத்தார். அடுத்த வருடம் ஓய்வு பெற்றுப் போனார். அவருக்குப் பிரியாவிடைச் செய்தி எழுதியதும் நான்தான். ‘நம்பிக்கைக்குரியவர்’ என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு, அதை வெட்டவும் முடியாமல் விடவும் முடியாமல் நெடுநேரம் இருந்தேன்.

கமலநாதனுக்கு வேறிடத்தில் கல்யாணம் நடந்தது. இந்த வருடம் தன் பிள்ளையின் பிறப்புப் பத்திரப் பிரதிக்கு வந்தார். தயாளினிதான் எழுதிக் கொடுத்தாள். “பிறந்த திகதி?” என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் எழுதினாள். முத்திரையைச் சரியாகக் குத்தினாள். நான் என் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எனக்கு ஓய்வு பெறும் வயதாகிவிட்டது. சங்கச் செயலாளர் பதவியைத் தயாளினி ஏற்றுக்கொண்டாள். ‘ஊழியர் செய்தி’யையும் அவள்தான் எழுதுகிறாள், என்னைவிட நன்றாகவே எழுதுகிறாள். போன கிழமை என் பிரியாவிடைப் பக்கத்துக்கு விவரம் எடுக்க, பேனையும் படிவமுமாக வந்து என் முன்னால் இருந்தாள். அந்தப் படிவத்தை உருவாக்கியவளும் நானேதான்.

பிறந்த ஊர், முதல் நியமனம், வேலை பார்த்த இடங்கள் எல்லாம் கேட்டு எழுதினாள். கணவர் பெயரை எழுதினாள். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனை நின்றது.

“குறை நினைக்காதீங்க அக்கா. படிவத்தில இருக்கு, அதான் கேக்கிறன். பிள்ளைகள்?”

அவளைப் பார்த்தேன். காதோரம் ஒன்றிரண்டு நரை வந்திருக்கிறது.

ஒன்று என்று சொல்லலாம். பெண்பிள்ளை என்று சொல்லலாம். சொன்னால் அவள் அடுத்ததாக என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். கருமபீடத்தில் இத்தனை வருடமாக அவள் கேட்டுப் பழகிய கேள்வி அது. கேட்டுவிட்டுப் பேனையோடு காத்திருப்பாள்... பொய்க்கு இன்னொரு திகதியை எங்கே போய்த் தேடுவேன்?

“இல்லை எண்டு எழுது மனே.”

எழுதினாள். அவளுடைய எழுத்து உருண்டு உருண்டு அழகாக இருக்கும். எழுதிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு அம்மா இல்ல, உங்களுக்குப் பிள்ளை இல்ல. கடவுள் பாத்துத்தான் ரெண்டு பேரையும் ஒரு கந்தோர்ல போட்டிருக்கான்” என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன்.

என் பிரியாவிடைப் பக்கம் வந்த தாளை நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். என் படம் நன்றாக வந்திருக்கிறது என்றார். பிறகு அவர் விரல் கீழே இறங்கி ஒரு சொல்லில் நின்றது. ஐந்து வருடமாக இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனிதர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“நாளைக் குடுத்தாய். சரி. இப்ப பிள்ளையையும் இல்லை எண்டிட்டியா?”

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தாளை நாலாக மடித்து, முன்பு மடித்து வைத்த தாளுக்கு மேலே வைத்தார்.

ஆகஸ்டுக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. நான் அலுவலகத்தில் இல்லாத முதல் பிறந்தநாள் என்பதால், கேக்கை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து வெட்டப் போகிறாளாம் தயாளினி. முதல் துண்டு வழக்கம்போல எனக்குத்தானாம்.

வா என்று சொல்லியிருக்கிறேன்.